குடைத்துணியில் இறங்கும் கேமரா

"அக்கா, உச்சியில ஓட்டை விடணும், மறந்துடாதீங்க" என்றான் அந்தப் பையன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஓட்டை விட்டா காத்து போயிடாதா தம்பி?" என்று கேட்டார் அவர்.

செந்துறைக்குச் சற்றுத் தள்ளி, முந்திரித் தோப்பை ஒட்டிய ஓட்டு வீட்டின் திண்ணை. நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே பாராசூட் தைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய குடையிலிருந்து பிரித்தெடுத்த கறுப்புத் துணி. குடைக்கே எட்டுப் பட்டை இருப்பதால் வெட்டும் வேலை பெரும்பாலும் மிச்சம். வயலில் விழுந்தால் கண்ணில் பட வேண்டும் என்று இரண்டு பட்டைகளை மட்டும் எடுத்துவிட்டு ஆரஞ்சுத் துணி வைத்திருந்தார்கள். காற்று போக வழியில்லாவிட்டால் பாராசூட் இப்படியும் அப்படியுமாகச் சரிந்து ஊஞ்சல்போல ஆடும். உச்சியில் சிறு துளை இருந்தால் நேராக இறங்கும். விஷயம் புரிந்ததும் அந்த அக்கா துளையின் விளிம்பை இரட்டையாக மடித்து இரண்டு தையல் ஓட்டினார். "ஜாக்கெட்ல கழுத்துதான் முதல்ல பிரியும். இதுலயும் அங்கதான் இழுக்கும்." அவர்கள் வரைந்து வைத்திருந்த படத்தில் அந்த இரண்டாவது தையல் இல்லை. பையன்கள் மூவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

மூவரில் ஒருவர் கல்யாண போட்டோகிராபர், ஒருவர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், ஒருவன் பாலிடெக்னிக் மாணவன். ஒரு கிலோகூட எடை வராத தெர்மோகோல் பெட்டிக்குள் கேமராவை வைத்து, ரப்பர் பலூனில் கட்டி, 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியைப் படம் எடுக்க வேண்டும். இதுதான் அவர்கள் ஆசை.

பூமியின் வளைவைக் காட்டிய ஆரம்பகாலப் படங்களில் சில பலூனிலிருந்து எடுத்தவைதான். 1935 நவம்பர் 11 அன்று அமெரிக்காவில் 'எக்ஸ்ப்ளோரர் 2' பலூன் இரண்டு மனிதர்களைச் சுமந்து 22 கிலோமீட்டர் உயரம் போனது. 2009 செப்டம்பரில் மாசசூசெட்ஸில் எம்.ஐ.டி. மாணவர்கள் சுமார் 150 டாலர் செலவில் ஒரு சாதாரண கேமராவை அதற்கும் மேலே அனுப்பி மீட்டெடுத்தார்கள். நம் பக்கத்தில், 2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்திலிருந்து மாணவர்கள் செய்த 100 சிறு கருவிகள் பலூன்களில் மேலே போயின. ஆகவே செந்துறைப் பையன்களின் ஆசையில் புதுமை எதுவும் இல்லை. அதற்கு அவர்கள் படுகிற பாடுதான் என்னை அங்கே அன்று முழுக்க உட்காரவைத்தது.

பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது, இது குளிரோடு மல்லுக்கட்டும் தொழில். வெயில் கொளுத்தும் நம் தலைக்கு மேலே, 16, 17 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 80 டிகிரி வரை குளிர் இருக்கிறது. வெப்ப மண்டலத்தின் மேலே உள்ள அந்த அடுக்கு, ஐரோப்பாவின் தலைக்கு மேலே உள்ளதைவிடக் குளிர்ந்தது. குளிரைத் தாங்குமா என்று பார்க்க, ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேட்டுப் பெட்டியை அவருடைய ஃப்ரீசரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "முதல் தடவை நாப்பது நிமிஷத்துல கேமரா நின்னுபோச்சு சார்" என்றார் போட்டோகிராபர். சார்ஜ் ஏற்றும் பேட்டரி குளிரில் படுத்துவிட்டது. பிறகு ஒரு தடவை மட்டுமே பயன்படும் லித்தியம் செல்லுக்கு மாறினார்கள். அடுத்த சோதனையில் லென்ஸில் பனி கோத்தது. புது செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைக் கடை கடையாகக் கேட்டுச் சேர்த்து உள்ளே ஒட்டினார்கள். இப்போது மூன்று மணி நேரம் தாங்குகிறது. மேலே போக ஒன்றரை மணி, இறங்க அரை மணி. கணக்கு சரியாக வரும்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து பலூன் ஊதிக்கொண்டே போகும். தரையில் ஆள் உயரம் இருப்பது, 30 கிலோமீட்டரில் ஒரு சிறிய வீட்டளவுக்கு விரிந்து வெடிக்கும். அங்கே காற்று, தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான். எங்கே விழும் என்பதைக் காற்றுதான் முடிவுசெய்யும். ஆடி மாதத்தில் கீழே மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது, மேலே அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து கடுங்காற்று ஓடும். 1950களில் அந்தக் காற்றோட்டத்தை அடையாளம் கண்டு சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அவரைப் பற்றி மாணவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இந்த வானத்தில் விமானங்கள் போகின்றன. அனுமதி இல்லாமல் பலூனை அவிழ்த்துவிட முடியாது. அவிழ்த்துவிடவும் கூடாது என்பதில் மூவரும் உறுதியாக இருந்தார்கள். விண்ணப்பம் போயிருக்கிறது. அனுமதி வரும்வரை கயிற்றில் கட்டித்தான் சோதனை.

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, காற்று எழும் முன் மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனோம். என் கையிலும் பருத்திக் கையுறை மாட்டிவிட்டார்கள். விரல் பிசுக்கு பட்ட இடத்தில் ரப்பர் சீக்கிரம் கிழியுமாம். ஹீலியம் ஏற ஏற பலூன் என் கைகளுக்குள் நழுவப் பார்த்தது, துள்ளும் கன்றுக்குட்டியைப் பிடித்திருப்பதுபோல. 60 மீட்டர் கயிறு முழுவதும் விட்டார்கள். தையல் அக்காவும் வந்திருந்தார், முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி.

இறக்கியதும் மொபைலில் படத்தைத் திறந்தார்கள். பாதி வறண்ட ஏரி, கரையோரக் கருவேல மரங்கள், முந்திரியின் கரும்பச்சை, அதற்கப்பால் சுண்ணாம்புக்கல் வெட்டிய வெள்ளைப் பள்ளம், சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் இது. அந்தக் கடலின் சிப்பியும் சுண்ணாம்பும்தான் இன்று சிமெண்டாகப் போகின்றன. தினமும் லாரிப் புழுதியில் கடந்து போகிற பள்ளம் இவ்வளவு பெரியது என்பதை அந்த அக்கா அன்றுதான் பார்த்தார். "நம்ம ஊரா இது?" என்று இரண்டு முறை கேட்டார்.

30 கிலோமீட்டரிலிருந்து அடிவானம் 600 கிலோமீட்டருக்கு விரியும். வானம் தெளிவாக இருந்தால் செந்துறைக்கு மேலே நின்று ஒரே சுற்றில் வங்கக் கடலையும் அரபிக் கடலையும் இலங்கையையும் பார்க்கலாம். அந்தப் படம் கிடைக்க அனுமதி வர வேண்டும், காற்று ஒத்துழைக்க வேண்டும். அதோடு கீழே இருக்கிற நம் மனசும் வேண்டும்.

காரைக்கால், சென்னை வானிலை நிலையங்களும் பலூனில் கருவிகளை அனுப்புகின்றன. அவையும் எங்காவது விழுகின்றன. உங்கள் வயலில் ஒரு நாள் தெர்மோகோல் பெட்டி விழுந்து கிடந்தால் குண்டென்று பயந்து கல்லெறியாதீர்கள், பிரித்தும் பார்க்காதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். செந்துறைப் பையன்களின் பெட்டி என்றால் மூடியில் தமிழில் ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்கும். தயவுசெய்து அதற்கும் ஒரு போன் போடுங்கள்.