வரவழைத்து விரட்டும் வேலை

துப்பாக்கி வேனிலிருந்து கடைசியாகத்தான் இறங்கியது. அதற்கு முன்னால் இறங்கியவை: பச்சையும் பழுப்புமாகக் கிழிசல் துணி கோத்த வலைச் சுருள் இரண்டு, நீட்டி மடக்கும் கம்பிகள் ஒரு கட்டு, சுழலும் மூடி போட்ட வாளி ஒன்று (அதுதான் ஆசனம்), 12 வோல்ட் பேட்டரி, சின்ன மோட்டார், ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் புறாக்கள், ஓர் ஐஸ் பெட்டியில் நிஜப் புறாக்கள். ஐஸ் பெட்டியில் இருந்தவை முந்தைய வாரம் சுட்டவை. வீட்டு ஃப்ரீஸரில் கிடந்தவற்றைப் புறா சுட வந்த பெரியவர் முதல் நாள் இரவே வெளியே எடுத்து உறைவு இளக விட்டிருந்தார். எல்லாவற்றையும் வயலோரமாகச் சுமந்து போய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"துப்பாக்கி ஆசையில வர்ற பசங்க பாதிப் பேரு இந்தச் சுமையைப் பாத்துட்டு மறுபடி வர்றதில்ல" என்றார் பெரியவர். அவருக்கு எழுபது வயதிருக்கும். சுமையில் பெரும்பாதி அவர் தோளில்தான் இருந்தது.

இடம், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லிங்கன்ஷயர். பாஸ்டன் நகரத்துக்கு வெளியே. சதுப்பையும் கடலோரத்தையும் வடித்து எடுத்த நிலம் என்பதால் தட்டையாகக் கிடக்கிறது. வயலுக்கு வயல் வேலி கிடையாது, ஆழமான வடிகால் வாய்க்கால்தான் எல்லை. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளையும் மண். நான் போனது ஏப்ரலில். பட்டாணி முளைவிட்டு முதல் இலைகளை விரித்திருந்தது. மரப்புறாவுக்கு இதைவிடப் பிடித்த பருவம் இல்லை.

மரப்புறா நம் ஊர் மாடப்புறாவைவிட நல்ல பருமன். அரைக் கிலோ எடை இருக்கும். பிரிட்டனில் சுமார் ஐம்பது லட்சம் ஜோடிகள் கூடு கட்டுகின்றன என்பது பொதுவான மதிப்பீடு. குளிர்காலம் முழுக்கப் பச்சையாக நிற்கும் எண்ணெய்க் கடுகு 1970களிலிருந்து அங்கே பெருமளவில் பயிராகத் தொடங்கியது. முன்பு பனியில் பட்டினி கிடந்து செத்த புறாக்கள் அதன்பின் தை, மாசியிலும் வயிறு நிறையத் தின்று பிழைத்தன. புறாவைப் பெருக்கியதே விவசாயம்தான். இதைப் பெரியவரும் மறுக்கவில்லை.

பட்டாணி விவசாயிக்கு அதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. உறைய வைத்து விற்கும் ஆலைக்குப் போகிற பட்டாணி இது. வயல் முழுவதும் ஒரே நாளில், ஒரே பதத்தில் அறுவடையாக வேண்டும். காயின் இளசுத்தன்மையை அளக்க அங்கே ஒரு கருவியே இருக்கிறது. அது காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் அறுவடை இயந்திரத்தை இறக்குவார்கள். புறா கடித்த இடம் செத்துப் போவதில்லை, மீண்டும் துளிர்க்கிறது. ஆனால் பிந்தித் துளிர்க்கிறது. அறுவடை நாளில் வயலில் பாதி முற்றி, பாதி பிஞ்சாக நின்றால் இரண்டு பாதிக்கும் விலை போய்விடும்.

நாங்கள் போன வயலில் புறாவை விரட்டக் கேஸ் வெடி இருந்தது. மணிக்குச் சில தடவை தானாக 'டமார்' என்றது. கம்பத்தில் பருந்து வடிவக் காற்றாடியும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றாடிக்குப் பத்தடி தள்ளி புறாக்கள் மேய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

முந்தைய நாள் சாயங்காலம் முழுக்க நாங்கள் வேனுக்குள்ளேயே இருந்தோம். பெரியவர் பைனாகுலரை இறக்கவில்லை. வானத்தில் புறாவுக்குத் தடம் உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கூட்டங்கள் பாப்லர் மரவரிசையிலிருந்து கிளம்பி, பெரிய வாய்க்காலின் மேலாகவே பறந்து வந்து, மின்கம்பம் ஒன்றின் அருகே திரும்பி வயலில் இறங்கின. அடுத்த கூட்டமும் அப்படியே. எங்கே திரும்புகின்றன, எந்த மூலையில் முதலில் கால் வைக்கின்றன, இறங்குமுன் எந்த மரத்தில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கின்றன என்று ஒரு பழைய உறையின் பின்புறத்தில் கோடு கிழித்துக்கொண்டார். நாங்கள் பதுங்கும் மறைப்பை எங்கே கட்டுவது என்பதை அந்த உறைதான் முடிவு செய்தது. வசதியான நிழலும் நல்ல செடிமறைவும் இருநூறு அடி தள்ளி இருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மறைப்பு கட்டும் முறை எளிது, செய்வதுதான் நேரம் பிடிக்கிறது. கம்பிகளைக் காலால் மிதித்து ஊன்றி, நுனியில் உள்ள கவையில் வலையை மாட்ட வேண்டும். உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு மேல் வராத உயரம். வலையின் அடியில் காற்று புகுந்து தூக்காதபடி மண்கட்டி வைக்க வேண்டும். பிறகு வாய்க்கால் கரையில் காய்ந்து நின்ற போன வருட நாணலை ஒடித்து வந்து வலையின் கண்களில் செருகினார். முன்பக்கத்தைவிட முதுகுப் பக்கத்துக்கே அதிக நாணல். பின்னால் வெளிச்சம் இருந்தால் மனித உருவம் கறுப்பாக எடுபட்டுவிடும் என்றார். புறாவின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்வை உண்டு. நமக்குத் தெரியாத புறஊதா ஒளியும் அதற்குத் தெரியும். அதனால் வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைத்த சட்டையை இவர் வேட்டைக்குப் போடுவதில்லை. முகத்துக்கு ஒரு வலைத்துணி, கைக்கு உறை. வெள்ளை முகம் மேலிருந்து பார்த்தால் தட்டுப் போலத் தெரியுமாம். எனக்கு அந்தக் கவலை குறைவு என்றதும் சிரித்துவிட்டு, "வேர்த்தா எல்லா முகமும் மினுங்கும், போட்டுக்குங்க" என்று ஒரு துணியை நீட்டினார்.

அடுத்து பொம்மைகள். பிளாஸ்டிக் புறா பெரும்பாலும் அரை ஓடுதான்: முதுகும் தலையும் உண்டு, வயிறு கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சாக்கில் போடலாம். அடியில் ஒரு குச்சி. காற்றடித்தால் குச்சி மேல் லேசாகத் தலையாட்டும். புதிதாக வாங்கியதில் வெயில் பட்டால் பளபளக்கும். இரை தின்னும் புறா ஒருநாளும் பளபளப்பதில்லை. ஆகவே வெல்வெட் போன்ற துகள் பூசியதை வாங்குகிறார்கள். ஆனால் பெரியவருக்கு பிளாஸ்டிக் மேல் மரியாதை குறைவு. அதை ஓரங்களில் குத்தி, வரும் புறா முதலில் பார்க்கப்போகும் நடு இடத்துக்கு ஐஸ் பெட்டியைத் திறந்தார்.

அதை அவர் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புறாவாக எடுத்து, கலைந்த இறகைக் கட்டைவிரலால் நீவி ஒழுங்கு செய்தார். அலகோரம் உறைந்திருந்த ரத்தத்தை ஈரத் துணியால் துடைத்தார். மண்ணில் சிறு பள்ளம் தோண்டி, வயிறு படியும்படி உட்கார்த்தி, பென்சில் நீளக் குச்சியின் கூர்முனையைத் தாடைக்கு அடியில் கொடுத்துத் தலையை நிமிர்த்தினார். நாலில் ஒன்றுக்குக் குச்சி வைக்கவில்லை. அது குனிந்து பொறுக்கும் புறா. கழுத்தின் வெள்ளைத் திட்டு இருபுறமும் தெரிகிறதா என்று நின்று பார்த்தார். இறக்கையை மூடியே வைத்தார். சற்றே விரித்து வைத்தால்தான் வரும் என்பவர்களும் உண்டு, இந்தத் தொழிலில் அது தீராத வழக்கு. தரையில் கிடந்த ஒற்றை இறகுகளைக்கூடப் பொறுக்கிப் பையில் போட்டார். உதிர்ந்த இறகு என்றால் பருந்து அடித்த இடம் என்று அர்த்தம்.

ஒன்றுக்கொன்று நாலைந்து எட்டு இடைவெளி. "நெருங்கி நிக்கிற புறா பயந்த புறா. பயமில்லாதது பரவி மேயும்." எல்லாம் ஏறக்குறையக் காற்றை எதிர்த்துப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் ஒன்றுகூட இன்னொன்றைப் போலவே பார்க்கக் கூடாது. மொத்தத்தில் குதிரை லாட வடிவம், திறந்த வாய் காற்று போகும் திசையில். புறா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எங்கள் முதுகில் காற்று. ஆக, வருவது எங்கள் முகத்துக்கு நேரே வந்து லாடத்தின் வெற்று நடுவில் இறங்கியாக வேண்டும். அந்த நடு, மறைப்பிலிருந்து இருபத்தைந்து கஜம்.

லாடத்தின் ஒரு முனையில் மோட்டாரை ஊன்றினார். இரண்டு நீண்ட கம்பிக் கைகள், நுனியில் இறக்கை விரித்துக் கட்டிய புறா ஒவ்வொன்று. பேட்டரியில் இணைத்ததும் இரண்டும் வட்டமடித்தன. இறக்கையின் வெள்ளைப் பட்டை விட்டு விட்டு மின்னியது. தூரத்துக் கண்ணுக்கு இரண்டு புறா இறங்குவது போலிருக்கும். இந்த யந்திரம் வந்த புதிதில் அதைப் போட்டாலே வானம் இறங்கி வந்ததாம். இப்போது புறாக்களும் அறிந்துவைத்திருக்கின்றன. அன்று முதலில் வந்த சிறு கூட்டம் மோட்டாரைப் பார்த்ததும் வெட்டித் திரும்பியது. அவர் போய் வேகத்தைக் குறைத்தார், அடுத்ததும் திரும்பியது. பேசாமல் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வளையும் தடி ஒன்றின் நுனியில் ஒரு புறாவைக் கட்டி நட்டார். காற்றுக்கு அது மெல்ல எழுந்து அமர்ந்தது. அதன் பிறகு வரத் தொடங்கின. கடைகளில் இந்தச் சாமான்கள் விற்கும் விலையைப் பிறகு பார்த்தேன். மோட்டார்தான் எல்லாவற்றிலும் கூடுதல்.

உயிருள்ள புறாவைக் கட்டி வைத்து அழைப்பது அங்கே குற்றம். 1981ஆம் ஆண்டின் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் பிரான்சின் தென்மேற்கில் வேறு கதை. அங்கே மர உச்சியில் உயிர்ப் புறாவைக் கண் மறைத்து நிறுத்தி, கீழே குடிலிலிருந்து கயிறு இழுத்து இறக்கை அடிக்க வைக்கிறார்கள். நம்மூரிலும் கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைப் பிடித்தவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது அது குற்றம்.

தினைப்புனத்தில் பரண் கட்டி ஏறி நின்று, கவண்கல்லும் ஆலோலக் குரலுமாகக் கிளி ஓட்டியது நம் பக்கத்துக் காவல். இங்கே காவல்காரன் குரலே காட்டாமல் தரையில் பதுங்கி, "வா, பயமில்லை" என்று வயலையே ஜோடித்து வைக்கிறான்.

சுடும் நேரம் சொற்பம். புறா இறக்கையை மடக்கிக் காலை நீட்டும்வரை அவர் அசையவில்லை. எழுந்து நின்று சுட்டார். வானம் பின்னணியாக இருந்தபோது மட்டும். தாழ்வாக வந்த இரண்டை, தூரத்துச் சாலையில் ஒரு சைக்கிள் தெரிந்ததால் விட்டுவிட்டார். அவருடையது அப்பா வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி. ஈய ரவைக்குத் தடை கொண்டுவரப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அறிவித்ததிலிருந்து அவருக்கு அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான் விசாரம். எஃகு ரவைக்கு அந்தக் குழல் தாங்குமா என்று பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் அடைப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் விவசாயி ஒப்ப மாட்டார். பட்டாணியோடு அதுவும் ஆலைக்குப் போய்விடும்.

கூலி என்று எதுவும் கிடையாது. சுட அனுமதிப்பதே சம்பளம் என்பது அங்கே வழக்கம். சில விவசாயிகள் தோட்டா வாங்கித் தருவதுண்டு. புறாவை இறைச்சி வியாபாரி எடுத்துக்கொள்வார், விலை சில்லறைக் காசு. இதையே முழுநேரப் பிழைப்பாக்கிய மேஜர் ஆர்ச்சி கோட்ஸின் பெயரைப் பெரியவர் மூச்சுக்கு மூச்சு சொன்னார். ஹாம்ப்ஷயர்க்காரர், 1962இல் ஒரே நாளில் 550 புறா சுட்டவர், மறு வருடம் இக்கலையைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். எனக்கு அந்த 550 வியப்பைவிடச் சங்கடத்தையே தந்தது. ஆனால் அவருடைய சீடர்கள் அந்த எண்ணைவிட அவர் வேவு பார்த்த விதத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இத்தனை சுட்டும் புறா குறைந்ததா? ஆர். கே. மர்ட்டன் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்ட்டன் பகுதியில் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். குளிர்காலத்தில் கூட்டமாகச் சுடுவதற்கு அரசு அப்போது தோட்டா மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. சுட்டாலும் சுடாவிட்டாலும் வசந்தத்தில் மிஞ்சுவது குளிர்காலத் தீனி எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் என்று அவர் கண்டார். சுட்டவை, எப்படியும் பசியில் செத்திருக்கக்கூடியவை. அவருடைய நூல் 1965இல் வந்தது. இதைத் தயங்கித் தயங்கி நான் சொன்னபோது பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நாட்டுல புறாவைக் குறைக்கவா நான் வந்தேன்? இந்த வயல்ல மூணு வாரம் இறங்காம இருந்தாப் போதும். அப்புறம் செடி தானே தேறிக்கும்."

சட்டமும் கிட்டத்தட்ட அவர் பக்கம்தான். பொழுதுபோக்குக்காக மரப்புறாவைச் சுட அங்கே அனுமதி இல்லை. பயிருக்குக் கடும் சேதத்தைத் தடுக்க என்று வழங்கும் பொது உரிமத்தின் கீழ்தான் சுடலாம், அதுவும் வேறு வழிகளை முயன்ற பிறகு. 2019 ஏப்ரலில், 'வைல்ட் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு எடுத்த சட்ட நடவடிக்கையால் பழைய உரிமங்கள் திடீரென ரத்தாயின. பட்டாணி முளைக்கும் வேளை. அந்த வாரங்களைப் பற்றிப் பெரியவர் பேசும்போது மட்டும் குரல் உயர்ந்தது. பிறகு புது நிபந்தனைகளோடு உரிமம் திரும்பியது. கேஸ் வெடியும் காற்றாடியும் வைத்த தேதிகளை எழுதிய நோட்டு ஒன்று அவர் வேனில் இருந்தது; யாராவது கேட்டால் காட்ட.

மதியத்துக்கு மேல் காற்று திசை மாறியது. பொம்மைகளை எல்லாம் திருப்பி வைப்பதைவிடச் சுருட்டுவது மேல் என்று எழுந்தார். வைத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் எல்லாம் சாக்குக்குள் போயின. வெற்றுத் தோட்டாக்களையும் எண்ணி எடுத்தார். விழுந்ததில் ஒன்றின் தீனிப்பையைக் கத்தி முனையால் கீறிக் காட்டினார். கோழிமுட்டை அளவுக்கு இறுகிய பச்சை உருண்டை பிதுங்கி வந்தது. விரலால் பிரித்தால் பட்டாணி இலை, பட்டாணி நுனி, மீண்டும் இலை. நடுவே ஊறிப் பருத்த விதை சில. ஒரு வேளைத் தீனிதான் அது.

விவசாயி குவாட் பைக்கில் வந்து இறங்கினார். எத்தனை விழுந்தது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "மிச்சமெல்லாம் எந்தப் பக்கம் போச்சு?"

பெரியவர் மேற்கே கை காட்டினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறொருவருடைய முட்டைக்கோசு நாற்று. விவசாயி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். வேனில் ஏறியதும் பெரியவர் போனை எடுத்து அந்த முட்டைக்கோசுக்காரரை அழைத்தார். நாளைக்கு அங்கே வரட்டுமா என்று கேட்க.