உப்பும் நன்னீரும் சந்திக்கும் தொட்டி

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்நிலத்தில் ஊர்கள் நெருங்கியிருக்கின்றன. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கோடையில் கிணற்றை அளவுமீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். இங்கே நன்னீர் மீன் வளர்ப்பவரும் உப்பின் போக்கை அறிந்தே தொழில் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆரையம்பதியில் நான் சந்தித்த அக்கா, வீட்டு வளவில் சீமெந்துத் தொட்டிகள் கட்டிக் கப்பி, மொலி, குராமி, ஏஞ்சல் வளர்க்கிறார். மேலே நிழல் வலை, ஒவ்வொரு தொட்டியிலும் காற்றுக் குழாயோடு ஒரு பஞ்சு வடிகட்டி. ஒரு புதுத் தொட்டியில் மீன் இல்லை. வாழைத்தண்டுத் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. சீமெந்தின் சுண்ணாம்புக் காரம் போகத்தான் அது. அந்தத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிய பிறகு, பழைய தொட்டியில் ஓடிய பஞ்சைக் கொண்டுவந்து இதில் போடுவார்.

"புதுப் பஞ்சு போட்டா மீன் சாகும் மகன். பழைய பஞ்சில சீவன் இருக்கு. அதப் போட்டு நாலஞ்சு மீன மட்டும் விட்டுப் பாப்பன். மறுகாத்தான் மத்ததெல்லாம்."

அவர் சொல்லும் சீவன் பற்றீரியாதான். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு கூட்டம் நைத்திரைற்றாக்குகிறது. இன்னொரு கூட்டம் அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாக்குகிறது. எதுவும் இடாத புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். பழைய பஞ்சு அந்தக் காத்திருப்பைச் சுருக்குகிறது.

பிறகு கல்குடாப் பக்கம் போனேன். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சுழியோடிகள் முருகைக்கற்பாறைகளின் அருகே கைவலையால் வண்ண மீன்களைப் பிடித்து, கொழும்பு ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்புகிறார்கள். மீன்களை இருத்தி வைக்கும் கொட்டிலில் கடல்நீர்த் தொட்டிகள். அங்கும் அதே பஞ்சு, அதே காற்றுக் குமிழி. உயிருள்ள முருகைக்கல் எதுவும் இல்லை. அதை எடுப்பது சட்டப்படி குற்றம். பருவம் தொடங்குமுன் பஞ்சை எப்படித் தயார் செய்வீர்கள் என்று அங்கிருந்த சுழியோடியிடம் கேட்டேன். ஓரிரு மீன்களை முன்கூட்டியே விட்டுப் "பழக்குவோம்" என்றார். ஆரையம்பதி அக்காவை அவர் கண்டதில்லை. இருவரும் செய்வது ஒரே வேலை.

உப்பு சில கணக்குகளை மாற்றத்தான் செய்கிறது. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் நிற்பதால், அமோனியாவில் நஞ்சான பங்கு நடுநிலையான நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடும். நைத்திரைற்றின் கதை நேரெதிர். கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைட்டு, அது செவுள் வழியே உள்ளே புகுவதைத் தடுக்கிறது. ஆகவே கடல்மீன்காரர் அமோனியாவுக்கும் நன்னீர்க்காரர் இரண்டுக்கும் அஞ்ச வேண்டும். அளவுகள் வேறானாலும் அடிப்படை மாறுவதில்லை. இங்கிலாந்தில் ரொபேர்ட் வோரிங்டன் 1850 இல் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் வாழவைத்துச் சமநிலையை விளக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே எண்ணத்தைக் கடல்நீரிலும் செய்து பார்த்தார். தொட்டிக் கலையின் இரு கிளைகளும் தொடக்கத்திலேயே உடன்பிறந்தவை.

என்னை மிகவும் வியக்க வைத்தது வைத்தியம். கப்பிக்கு ஒட்டுண்ணி கண்டால் அக்கா லீற்றருக்குப் பத்துக் கிராமுக்குக் குறையாமல் உப்புக் கரைத்து, சில நிமிடம் மட்டும் மீனை அதில் விடுகிறார். ஒட்டுண்ணியின் உடலிலிருந்து நீர் வெளியேறி அது வற்றிப்போகிறது. கல்குடாவில் கடல்மீனின் செவுளில் தட்டைப்புழு இருந்தால் மீனை நன்னீரில் முக்குகிறார்கள். நீர் உட்புகுந்து புழு வெடிக்கிறது. வெப்பமும் பிஎச்சும் பொருந்தியிருக்க வேண்டும், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒருவரின் மருந்து மற்றவரின் சாதாரணத் தண்ணீர்.

பொதி கட்டும் முறையிலும் வேற்றுமை இல்லை. கட்டுமுன் மீனைப் பட்டினி போடுகிறார்கள். பயணத்தில் கழிவு குறையும். பொலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஒட்சிசன். வெயில் தாழ்ந்த பிறகே லொறி கொழும்புக்குப் புறப்படும். போய்ச் சேர்ந்த இடத்தில் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். "ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா விட்டாத்தான் தாங்கும்" என்றார் சுழியோடி. வாவி இதை எத்தனையோ காலமாகச் செய்துவருகிறது. 56 கிலோமீட்டர் நீளமான இந்த நீர்ப்பரப்பு மாரியில் இனிக்கிறது, கோடையில் உவர்க்கிறது. குஞ்சாக இருக்கையில் உவர்நீரில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குப் போகும் ஸ்கற் போன்ற மீன்கள் அந்த மாற்றத்தோடு வாழப் பழகியவை.

இரு தொழில்களும் பெரிதாகப் பிரிவது ஓரிடத்தில்தான். உலகச் சந்தைக்கு வரும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை. கடல்மீன்களில் பெரும்பகுதி இன்னும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. 1998 இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது இலங்கையின் முருகைப் பாறைகள் பல வெளுத்து இறந்தன. அந்தப் பாறைகளையே தொடர்ந்து நம்பியிருக்கும் தொழில் நெடுநாள் நிலைக்காது.

கடல்மீனையும் தொட்டியிலேயே பெருக்குவதற்கான அறிவு ஆரையம்பதி வளவில் இருக்கிறது. குராமிக் குஞ்சின் வாய்க்குள் புகக்கூடிய நுண்ணுயிரை ஊறல் நீரில் வளர்ப்பதும், சில நாள் கழித்து ஆர்ட்டீமியாவுக்கு மாற்றுவதும் அக்காவுக்குக் கைவந்தவை. கோமாளி மீனின் குஞ்சுக்கும் இதே வரிசைதான்: முதலில் ரொட்டிபர், பிறகு ஆர்ட்டீமியா. பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்தில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே பெருக்கிக் காட்டியிருக்கிறது. இங்கே தேவைப்படுவது கல்குடாவின் கடல்நீரும் ஆரையம்பதியின் கைப்பழக்கமும் ஒரே பயிற்சிக் கொட்டிலில் சேர்வது. வீட்டு வளவில் குஞ்சு வளர்க்கும் பெண்களுக்குக் கடல் மீன் வளர்ப்பையும் கற்பித்து, முதல் தொட்டிக்குக் கடன் கொடுத்தால், சுழியோடியின் குடும்பத்துக்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் வருமானம் இருக்கும். முருகைப் பாறைக்கு மூச்சுவிட நேரமும் கிடைக்கும்.