கோயில் டிஸ்க்கும் என் லேப்டாப்பும்

தைப்பூசத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. பால்குட ரசீது அடிக்கிறதே அதுலதான். புது எஸ்எஸ்டி வாங்கி, வீட்டில் என் லேப்டாப்போடு யூஎஸ்பியில் இணைத்து, ராத்திரியோட ராத்திரியா உபுண்டு ஏத்தினேன்.

காலையில் கோயில் கம்ப்யூட்டரில் மாட்டினால் எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தால் என் லேப்டாப்பும் கறுப்புத் திரையில் ‘க்ரப்’னு நிக்குது!

காரணம் இதுதான். உபுண்டு போனது எஸ்எஸ்டியில். அதை எழுப்பிவிடும் பூட்லோடரோ என் லேப்டாப்பின் ஈஎஃப்ஐ பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டது. பயாஸில் விண்டோஸை முதலில் வைத்ததும் லேப்டாப் பிழைத்தது. பிறகு எஸ்எஸ்டியிலேயே சின்னதாக ஒரு ஈஎஃப்ஐ பகுதி ஒதுக்கி, ‘ரிமூவபிள்’ முறையில் க்ரப்பைப் போட்டேன். அப்படிப் போட்டால் அது பொதுவான பெயரில் இருக்கும். அந்த டிஸ்க்கை முன்பின் பார்க்காத கம்ப்யூட்டரும் கண்டுபிடித்துவிடும்.

சாயங்காலம் கோயில் கம்ப்யூட்டர் எழுந்தது. அதுவரை அக்காமார் கையாலேயே ரசீது எழுதினாங்க. “பரவாயில்ல தம்பி, சாப்பிட்டியா?”ன்னு மட்டும்தான் கேட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல.

இனிமே சொந்த டிஸ்க்கைக் கழற்றி வச்சுட்டுத்தான் அடுத்த கம்ப்யூட்டர் வேலை. நீங்களும் அப்படியே செய்யுங்க.