ஜன்னலைத் திறந்தது

சென்ற பிப்ரவரியில் ஒரு மாலை எங்கள் வீட்டுப் பின்னறையில் குழல்விளக்கு விழுந்து உடைந்தது. டொராண்டோவில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. 4 அடி விளக்கு. கறிவேப்பிலைச் செடிக்கு மேலே சங்கிலியில் தொங்கியது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை செடிக்கு அதுதான் சூரியன். அம்மா விதை போட்டு வளர்த்தது. 6 வயது, அவள் தோளுயரம்.

அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"பெருக்காதேம்மா."

"கண்ணாடிதானேடா?"

கண்ணாடி மட்டுமல்ல. குழலுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அதன் ஆவி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளிவிடுகிறது. உள்ளே பூசிய வெள்ளைப் பொடி அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்குகிறது. செடி தின்று வளர்ந்தது அந்த ஒளியைத்தான். குழல் உடைந்தால் பொடியும் ஆவியும் வெளியே வந்துவிடும். பெருக்கினால் பரவும், வாக்குவம் கிளீனர் போட்டால் இன்னும் மோசம். ஆட்கள் வெளியேற வேண்டும், வீட்டுக்கு வரும் சூடான காற்றை நிறுத்த வேண்டும், ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரமாவது உள்ளே போகக்கூடாது.

திறந்தால் அந்தக் குளிரில் கறிவேப்பிலை பிழைக்காது. இலையெல்லாம் வெள்ளைப் பொடி. வேறு அறைக்கு இழுத்துப் போனால் வழியெல்லாம் உதிரும்.

அங்கே நான் தயங்கி நின்றது பத்து விநாடி இருக்கும். அதற்குள் மனம் சித்தர்களின் ரசக்கட்டுக்குப் போய்விட்டது, அங்கிருந்து மினமாட்டாவுக்கு. 1971-ல் யூஜீன் ஸ்மித் எடுத்த, மகளைக் குளியல் தொட்டியில் ஏந்தியிருக்கும் தாயின் படம். ஒரு கவிதைக்கு வேண்டியதெல்லாம் தயார். வெட்கமாக இருந்தது. மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை வருஷக்கணக்காகக் கடலில் விட்டது மெத்தில் பாதரசம். மீன் வழியாக மனிதர்களுக்குள் போனது. என் அறையில் சிந்தியது அதுவுமல்ல, அந்த அளவுமல்ல. அடுத்தவர் துயரத்தைக் கைக்கெட்டிய சாமான்போல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் வாசிக்கிற நம்மிடம்தான் அதிகம். முன்னால் கிடப்பதைப் பார்க்காமலிருக்க அது சௌகரியமான வழி.

ஜன்னலைத் திறந்தேன். கதவைச் சாத்தினேன்.

கால் மணி கழித்துக் கையுறையோடு உள்ளே போனேன். இரண்டு தடித்த அட்டைகளால் சில்லுகளைக் கூட்டி எடுத்து, மூடியுள்ள ஊறுகாய் ஜாடியில் போட்டேன். பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பிறகு ஈரக் காகிதம். தொட்டியில் மேல்மண்ணை ஓர் அங்குலம் வழித்தேன். இலைகளைத் துடைக்க ஆரம்பித்தேன். ஓர் இணுக்கில் பதினைந்து, இருபது இலைகள். நாலாவது இணுக்கில் புரிந்தது: துடைத்தாலும் இதை இனி நாங்கள் சாப்பிடப்போவதில்லை. அடித்தண்டில் ஒரு சாண் விட்டு மீதியை வெட்டிப் பையில் திணித்தேன். அறை முழுக்கக் கறிவேப்பிலை மணம். பாதரசத்துக்கு மணம் கிடையாது.

அம்மா கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். "கழுவியிருந்தா போயிருக்கும்டா" என்றாள். அவளுக்குக் காட்ட என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நான் அகற்றியது கண்ணுக்குத் தெரியாதது. வெட்டியது தெரிந்தது.

சனிக்கிழமை ஜாடியையும் பையையும் நகராட்சியின் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். தண்டுக்குக் கோணி சுற்றிச் சமையலறையில் வைத்தோம். மேலே இப்போது எல்இடி விளக்கு. அதில் பாதரசம் இல்லை.

சித்திரையில் வேரிலிருந்து ஒரு முளை வந்தது. இப்போது நாலைந்து இணுக்கு விட்டிருக்கிறது. அம்மா தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். சமையலுக்குக் கறிவேப்பிலை கடையிலிருந்துதான் வருகிறது. பறிக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. பறிக்கலாமென்று நானும் சொல்லவில்லை.