கயிறு பிடிக்கிறவர்

ஸ்கூபா சாமான்களில் என்னை எப்போதும் ஈர்ப்பது மஞ்சள் குழாய்தான். மூச்சு இழுக்கக் கறுப்பில் ஒரு வாய்க்கருவி இருக்கிறது. அதோடு மஞ்சளில் இன்னொன்றும் நெஞ்சுப் பக்கம் செருகியிருக்கும், குழாயும் கொஞ்சம் நீளம். 'ஆக்டோபஸ்' என்பார்கள். அது மாட்டியிருப்பவருக்கானதல்ல. கூட இறங்குகிறவரின் காற்று தீர்ந்துவிட்டால் கலங்கிய தண்ணீரிலும் அவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அந்த நிறம், இருவரும் இடித்துக்கொள்ளாமல் மேலே வரவேண்டும் என்பதற்காக அந்த நீளம்.

1943இல் ழாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் பிரான்சில் ஸ்கூபா மூச்சுக்கருவியை உருவாக்கியபோது இப்படி ஒரு மாற்றுக்கருவி கிடையாது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். இன்ஜின் கேட்கும்போது மட்டும் வாயுவைத் திறந்துவிட கஞ்ஞான் செய்திருந்த வால்வுதான் மனித மூச்சுக்கு ஏற்றபடி மாறியது. அதன்பின் வெகுகாலம் ஆளுக்கு ஒரே வாய்க்கருவிதான். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் இருவரும் அதையே மாற்றி மாற்றி, ஆளுக்கு இரண்டு மூச்சாக இழுத்துக்கொண்டு மேலே வருவார்கள். புளோரிடாவின் நீரடிக் குகைகளுக்குள் போகிறவர்கள் இன்றும் உதவி கேட்டு வருகிறவருக்குத் தங்கள் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிட்டு, மாற்றுக்கருவியைத் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். வாயில் இருப்பது வேலை செய்கிறது என்பது நிச்சயம், தவிக்கிறவருக்கு நிச்சயமானதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கடலைப் பற்றி நான் கேள்விப்பட்ட ஏற்பாடுகளிலேயே மிகவும் பெருந்தன்மையானது இது.

இதை நினைக்கும்போதெல்லாம் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புக்கே மனம் போகிறது. குளியாளிடம் சிலிண்டர் ஏது? மேலே இழுத்த ஒரே மூச்சு. கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்குவார், கடலடிப் பாரில் கிடக்கும் சிப்பிகளை அள்ளிப் பையில் போடுவார், கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டும். அவர் மச்சானாக, அதாவது குளிப்பவருடைய மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும் என்று அந்தக் கரையில் சொல்வார்கள். பங்காளி கையில் கொடுத்தால் சொத்து நினைப்பு வரலாம். மச்சான் கை தளர்ந்தால் போவது அவன் தங்கையின் தாலி. எல்லாத் தோணியிலும் அப்படியே நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. மூழ்கப்போகிற ஒருவன், தான் செத்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்து ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறான். அந்த யோசனையின் கூர்மை என்னை விடமாட்டேன் என்கிறது.

1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில், மீசை முளைக்காத வயதில், அக்கா புருஷனுக்குக் கயிறு பிடித்த பெரியவர் ஒருவரோடு ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். முத்தைப் பற்றிக் கேட்டால் சலிப்போடு ஒரு வரி சொன்னார். கயிற்றைப் பற்றிக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"கயித்தப் புடிச்சிட்டு வேற எங்கயும் பாக்கக் கூடாது தம்பி. பேசக் கூடாது. பீடி பத்த வைக்கக் கூடாது. அவன் எறங்குனதும் மேல இருக்கவனும் மூச்ச அடக்கிக்கிடணும். நமக்கு முட்டுதுன்னா அவனுக்கும் முட்டும்லா."

கடிகாரம் இல்லாத தோணியில் இதைவிட நல்ல கருவி இருந்திருக்க முடியாது.

கயிற்றோடு மந்திரமும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' ஒருவர் வருவார். மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. பகலில் கட்டிய கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாதே! இலங்கையில் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் அரிப்புக் கரையில் பார்த்ததைச் சொல்கிறார். அவர் போன சமயம் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரம் தெரியாது. ஆனாலும் கடல்கட்டியின் பிரதிநிதியாகத் தான் வந்து நிற்பதே போதும், சுறாக்கள் அதை மதிக்கும் என்று டென்னன்டிடம் உறுதியாகச் சொன்னாராம். அந்தப் பரம்பரையின் அப்போதைய தலைவர் கத்தோலிக்கர் என்பதையும் டென்னன்ட் குறிப்பிடுகிறார். குளியாட்களுக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. தங்களுக்காக ஒருவர் கரையில் நிற்கிறார் என்று தெரிந்தால் இறங்கிவிட்டார்கள்.

உடலுக்குள் நடப்பதில் மட்டும் இரண்டு குளிப்புக்கும் பெரிய வித்தியாசம். குளியாள் மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கே வரும். ஸ்கூபாவில் ஆழத்தின் அழுத்தத்திலேயே மூச்சு இழுக்கிறோம். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேல்மட்டம் வருவதற்குள் இரண்டு மடங்காகும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். அதனால்தான் மூச்சை நிறுத்தாதே என்பது முதல் பாடம். கயிறு பிடித்த பெரியவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

30 மீட்டர் வாக்கில் நைட்ரஜன் தலைக்கு ஏறி மயக்கம் காட்டத் தொடங்கும். மயங்குகிறவருக்கு அது தெரியாது, சந்தோஷமாக இருப்பார். கையில் கட்டிய கணினி ஆழத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லும். முகம் மாறிவிட்டதை உடன் வருகிற ஜோடிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் முன்பின் தெரியாத இருவரைப் படகில் ஜோடி சேர்த்துவிட்டு, ஒருவர் உபகரணத்தை மற்றவர் தொட்டுப் பார்க்கக்கூட அவகாசம் தராமல் தண்ணீரில் தள்ளிவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. வால்வு திறந்திருக்கிறதா, எடைப் பட்டையின் கொக்கி எந்தப் பக்கம், மஞ்சள் குழாய் எங்கே: இரண்டு நிமிட வேலை. ஆமையைக் கண்டதும் கேமராவோடு ஜோடியை விட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த நேரம் ஒன்று உண்டு. மேலே வருமுன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற. பார்க்க ஒன்றும் இருக்காது, எதிரே ஜோடியின் முகமூடி மட்டும். கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள் என்பதால், 'நலம்' என்று சொல்ல விரல்களை வளையமாக்கிக் காட்ட வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் அதைத் தேவைக்கு மேல் காட்டிக்கொள்கிறோம். பெயர்கூடச் சரியாகத் தெரியாதவரோடு அத்தனை நேரம் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டிருப்பது கரையில் நடக்காது.

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிறவர்களில் சிலர் இப்போது படகில் கம்ப்ரஸர் வைத்து, குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மாற்றுக் குழாய் கிடையாது. இன்ஜின் நின்றால் காற்று நிற்கும். காற்று திசை மாறி இன்ஜின் புகை கம்ப்ரஸருக்குள் போனால், கீழே இருப்பவர் வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடை இழுக்கிறார். இன்ஜின் பக்கத்தில் யார் உட்காருவார்கள், மச்சானா என்று அந்தப் பெரியவரைக் கேட்டேன்.

"சம்பளத்துக்கு ஒரு பையன் இருப்பான். ரெண்டு குழாய்லா தம்பி. மச்சானும் கீழதான் கெடப்பான்."

புகைபோக்கியைக் காற்று வீசிப்போகும் பக்கம் திருப்பி வைக்க அந்தப் பையனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவனுக்கு டீசல் ஊற்றத் தெரியும் என்றார்.