அப்பாவின் விரலும் ஏழு அங்குல டேப்பும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டார். கவிதை நமக்கு வராது. ஆகவே எங்கள் வீட்டுப் பரண் மேல் கிடந்த ஒரு பழைய டேப்லெட்டைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் கேண்டீனில் வந்து திட்டுங்கள்.

எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் போடுகிறார். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். 2020ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடியபோது எனக்கு எட்டாம் வகுப்பு. பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். எங்களிடம் இருந்ததோ பட்டன் போன். ஜூன் மாசம் தறி முதலாளி, தன் மகன் 2012ல் வாங்கிப் போட்டிருந்த ஏழு அங்குல டேப் ஒன்றை எடுத்து, "பையனுக்குக் குடுங்க, படிக்கட்டும்" என்று அப்பாவிடம் கொடுத்தார். நல்ல மனசு. எந்தக் கம்பெனி டேப் என்பது இங்கே வேண்டாம்.

அது என்னிடம் பிடி கொடுக்கவே இல்லை. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். மேலே தள்ளினால் மூச்சு வாங்கிக் கொண்டுதான் நகரும். தமிழ் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக நிற்கும். வாட்ஸ்அப் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் போனில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவார். அதையே நான் செய்தால் படம் எங்கேயோ ஓடும்.

அப்போது நான் டேப்பைச் சந்தேகப்படவில்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டேன். படிப்பு வாசனையே இல்லாத வீட்டுப் பையன், இதெல்லாம் நமக்கு வராது என்றே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவும் வெட்கம். "ஏஞ்சாமி, டேப்புல படிக்கறியா?" என்று அப்பா கேட்டால், "படிக்கறனுங்ப்பா" என்று பொய் சொல்வேன். ஒரு மாசத்தில் டேப் பரணுக்குப் போனது, நான் அம்மாவோடு தார் போடப் போனேன். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்ததால் தப்பித்தேன். என் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை. அவர்கள் இன்றைக்கும் தறியில்தான் இருக்கிறார்கள்.

இந்த வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு உதிரி தேடும்போது அதைப் பரணிலிருந்து இறக்கினேன். பேட்டரி உப்பிக் கிடந்தது. கழற்றி வைத்துவிட்டு, லேப் பவர் சப்ளையில் 3.7 வோல்ட் கொடுத்ததும் உயிர் வந்தது. ஆண்ட்ராய்டு 2.3 என்று காட்டியது. 2.3.7 வரைக்குமான ஆண்ட்ராய்டுகளுக்கு வாட்ஸ்அப் 2020 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அதாவது நான் முதல் முதலாகத் தொட்டபோது, எனக்கு வேண்டிய அந்த ஒரு விஷயம் அதில் செத்து நாலு மாசம் ஆகியிருந்தது! தமிழ் எழுத்துருவும் அந்தப் பதிப்பில் கிடையாது. அதனால்தான் கட்டங்கள்.

திரையைப் பிரித்தபோது நான்கு கம்பிகள் வந்தன. முதல் வருஷ லேபில் பொட்டென்ஷியோமீட்டர் திருகினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான் இது. கீழே கண்ணாடி, மேலே வளையும் பிளாஸ்டிக் படலம். இரண்டிலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு, நடுவே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். ஒரு தகட்டுக்கு வோல்ட் கொடுத்தால், அழுத்திய இடத்தின் வோல்ட்டை மற்றத் தகடு எடுத்துச் சொல்லும். பிறகு மாற்றிக் கொடுத்தால் அடுத்த அச்சு. இரண்டு விரல் வைத்தால் நடுவில் எங்கேயோ ஒரு புள்ளிதான் வரும். படம் ஓடியதற்கு அதுதான் காரணம். வருஷம் ஆக ஆகப் படலம் தளரும், அளவு விலகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை அழுத்த வேண்டும். தடவினால் வேலைக்கு ஆகாது. நானோ, முதலாளி வீட்டுப் பொருள், உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பூப்போலத் தொட்டுக் கொண்டிருந்தேன். இது தெரிந்த அன்று லேபில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஜாதி டேப்பின் ஜாதகத்தைத் தேடப்போய்த்தான் ஆகாஷ் கதையைப் படித்தேன். 2011 அக்டோபர் 5ஆம் தேதி, அப்போதைய மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் மாணவர்களுக்காக டெல்லியில் வெளியிட்டது. செய்தது டேட்டாவிண்ட் நிறுவனம். அரசுக்கு ஒன்றின் விலை ரூ.2,276. அதில் 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்.பி. ரேம், ஆண்ட்ராய்டு 2.2, அழுத்தினால் கேட்கும் இதே வகைத் திரை. நம் செட்டில் சிலர் அதை ஏமாற்று வேலை என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2010ல் 499 டாலருக்கு வந்த முதல் ஐபேடிலும் 256 எம்.பி. ரேம்தான், கேமராவும் கிடையாது. ஆனால் அதன் பிராசசர் 1 கிகாஹெர்ட்ஸ், திரை விரல் பட்டாலே கேட்கும். காசு எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். 2012 நவம்பர் 11ஆம் தேதி வந்த ஆகாஷ் 2, ரூ.2,263 விலையிலேயே 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்.பி., தொட்டால் கேட்கும் திரை என்று வந்துவிட்டது. ஒரே வருஷம்தான்! அவசரப்பட்டார்கள் என்பதுதான் என் குறை.

இப்போது எங்கள் வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் அது சரியாகக் கேட்பதில்லை. புதுத்திரைகள் விரலின் மின்தன்மையை உணர்பவை. நூல் முடிச்சுப் போட்டுப் போட்டுக் காய்த்து வறண்ட தோல் அவற்றுக்கு ஒத்துவராது. ரேஷன் கடையிலும் அப்பாவின் ரேகை லேசில் விழாது. "என்ற கை அப்பிடி" என்று சிரித்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய திரையின் நான்கு கம்பிகளையும் அர்டுயினோவில் மாட்டி, லேப்டாப்போடு திண்ணையில் வைத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவை ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். 412, 655 என்று இரண்டு எண்கள் வந்து அசையாமல் நின்றன.

"என்ன சாமி இது?"

"நீங்க தொட்ட எடமுங்ப்பா."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேறு ஒரு மூலையில் அழுத்திப் பார்த்தார்.