பன்னிரண்டாம் வீடு

"எனக்குப் பைதான் தெரியும்" என்று சென்ற வருஷம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தது வாஸ்தவம்தான். மலைப்பாம்பை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் பாஷைகளில் அது ஒன்று. கிடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர் 1991-ல் வெளியிட்டது. பெயரைக்கூட அவர் பாம்பிடமிருந்து எடுக்கவில்லை. மான்டி பைதான் என்ற ஹாஸ்யக் கோஷ்டியிடமிருந்துதான் எடுத்தார்.

பெண் வாங்கிக் கொடுத்த புஸ்தகத்தை மூன்றே மாதத்தில் முடித்தேன். உடனே எங்கள் குடியிருப்பின் தண்ணீர் லாரிக் கணக்கை நானே ஏற்றுக்கொண்டேன். மாதச் செலவு 12,000 ரூபாய், பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு ஆயிரம். ஒவ்வொரு வீட்டுக்கும் சீட்டு அச்சாகும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். கம்ப்யூட்டர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை!

மாதக் கடைசியில் சங்கக் கூட்டம். வசூலில் ஆயிரம் ரூபாய் குறைந்தது. "பன்னிரண்டாம் வீடு பாக்கி" என்று காரியதரிசி உரக்க வாசித்தார். அங்கே இருப்பவர் தாயாருடன் வசிக்கும் பள்ளிக்கூட ஆசிரியை. யாரிடமும் கடன் வைத்தறியாதவர். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குச் சீட்டே வரவில்லையே!" என்றார். நம்பினவர்கள் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் புரோகிராமைப் பெண்ணிடம் காட்டினேன்.

"ரேஞ்ச் ஒன்று, பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறாயே அம்மா! சொன்ன எல்லைக்கு முன்னாலேயே நிற்பது பைதானின் வழக்கம். பதினொன்றோடு நின்றுவிடும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு முன், 1988-ல், நான் பேஸிக் படித்தவள். 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பிறந்த அந்தப் பாஷையில், ஒன்று முதல் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டும் சேர்த்தி. ஆக, நான் எழுதியது பைதான், நினைத்தது பேஸிக்!

இதே அவஸ்தையை டில்லியில் பட்டிருக்கிறேன். ஹிந்திப் பரீட்சைகள் பாஸ் செய்துவிட்டுத்தான் அங்கே குடித்தனம் போனேன். பால்காரர் "கல்" என்றார். நாளைக்கு என்று அர்த்தம் செய்துகொண்டேன். நேற்றைக்கும் அதே சொல்தான். பின்னால் வரும் வினையைக் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும். அவர் நேற்றைய பாக்கியைக் கேட்டு நிற்க, நான் நாளையப் பாலுக்குப் பாத்திரம் எடுத்து வைத்தேன்! சொற்களை அறிவது வேறு, அந்தப் பாஷையிலேயே நினைப்பது வேறு.

"நம்பரை எதற்காக எண்ணுகிறாய்? வீடுகளின் ஜாபிதாவைக் கொடுத்து, 'ஒவ்வொரு வீட்டுக்கும்' என்று சொல்லேன். பைதானில் பழகினவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்" என்றாள் பெண். நாம் வைக்கும் பெயர்கள் தமிழ் எழுத்திலும் இருக்கலாமாம். 'வீடு', 'வீடுகள்' என்றே எழுதினேன். இனி எந்த வீடும் விட்டுப்போக வழியில்லை.

மறுநாள் ஆசிரியை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கிற்று.

போன வாரம் பெண் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். ஒரு வரி, பாட்டில் அபஸ்வரம் மாதிரி உறுத்திற்று.

"இங்கே கடைசி ஆள் விட்டுப்போகுமே!" என்றேன்.

பார்த்தாள், சிரித்தாள். "அம்மா, நீ பைதான் பேச ஆரம்பித்துவிட்டாய்!"

"பேசுவதற்கு எனக்கா சொல்லித் தர வேண்டும்? உன் அப்பாவைக் கேள்!" என்றேன்.